ஏரிக்கரையில் பூச்சி கத்துதா?

அவர் யாருக்கும் முதுகைக் காட்டி ஓடமாட்டார். கூட வேலை பார்த்த அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். பள்ளிக்கூட மைதானத்தில் எல்லோரும் ஒரு பக்கமாகச் சுற்றினால் அவர் எதிர்ப்பக்கமாகச் சுற்றுவார். தார் ரோட்டில் வண்டிகள் வருகிற திசையைப் பார்த்துத்தான் ஓடுவார். என்னோடு ஏரிக்கரையில் ஓடும்போது நாலடி முன்னால் போய், அப்படியே திரும்பி, என் முகத்தைப் பார்த்தபடி பின்பக்கமாகவே ஓடுவார். நாற்பத்தெட்டு வயதுப் பெண்மணி, சுடிதாருக்கு மேல் மகனின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு, வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில் பின்பக்கமாக ஓடினால் பார்க்கிறவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? நானும் சிரித்தேன்.

"அக்கா, ஒரு நாளு குழில வுழுந்து இடுப்ப ஒடச்சிக்கப் போறீங்க."

"வுழுந்தா நீ தூக்க மாட்டியா? பேசு, பேசு. உங்க நாத்தனார் இன்னா சொன்னா? பாதில நிறுத்தாத."

எனக்கு வாய் நீளம். கேட்க ஒரு ஆள் கிடைத்தால் ஏரி ஒரு சுற்று முடியும்வரை பேசுவேன். என் பேச்சை இவ்வளவு ஆசையாகக் கேட்கிற ஒரே ஆள் உலகத்தில் அக்காதான் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு.

ஆரணி என்றதும் வெளியூர்க்காரர்கள் கைத்தறியைத்தான் நினைப்பார்கள். நாங்கள் வேலை பார்த்தது பவர்லூம் ஷெட். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் இருபத்துநாலு தறி. அக்கா நாலு தறியைப் பார்த்துக்கொள்வார். நான் தறிக்குள் ஓடுகிற நாடாவுக்கு நூல் சுற்றித் தருகிற மிஷினில். எனக்கும் அவருக்கும் நடுவே ஆறடிகூட இருக்காது. பதினோரு வருஷம் அந்த ஆறடி தூரத்தில்தான் நின்றோம்.

ஷெட்டுக்குள் தொண்டை கிழியக் கத்தினாலும் பக்கத்தில் நிற்பவருக்கு எட்டாது. அதனால் வேலைக்குச் சேர்ந்த மூன்றே மாதத்தில் எல்லோரும் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்கப் பழகிவிடுவோம். மீதிக்குக் கை. இரண்டு விரலைக் கத்தரிபோல் ஆட்டினால் இழை அறுந்துவிட்டது. கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் டீ. இல்லாத மீசையை முறுக்கினால் ஓனர் வருகிறார். ஊர்வம்பு, மாமியார் சண்டை, யார் வீட்டில் நிச்சயதார்த்தம் என்று எல்லாவற்றையும் சத்தமில்லாமலே பேசித் தீர்ப்போம். வெளியே வந்து டீக்கடையில் நின்றாலும் அந்தப் பழக்கம் போகாது. எதிரே இருப்பவரின் வாயையே பார்ப்போம், கத்திப் பேசுவோம். ஷெட்டுப் பொம்பளைங்க வந்தால் கடையே அதிரும் என்று டீக்கடைக்காரர் சலித்துக்கொள்வார். எங்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

அக்கா நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். ஊரின் மேற்குக் கோடியில் வீடு. கணவர் இல்லை, மகன் பெங்களூரில், வீட்டில் அவர் ஒருத்தர்தான். நான் ஏரிக்கு அந்தப் பக்கம் கிராமம். எங்கள் ஜனத்தில் பவர்லூமுக்குப் போன முதல் பெண்களில் நான் ஒருத்தி. ஷெட்டிலிருந்து வீட்டுக்குப் போனால் எனக்கு மண்டைக்குள் ஒரு இரைச்சல் இருந்துகொண்டே இருக்கும். சோற்றைப் போட்டுக்கொண்டே புருஷனிடம் எரிந்து விழுவேன், பெண்ணை அடிக்கப் போவேன். இதைச் சொல்லி ஒரு நாள் அழுதபோது அக்கா சொன்னார்.

"ஷெட்ட வுட்டு வந்தாலும் உள்ளார தறி ஓடிகினே இருக்கும். அத நிறுத்தணும்னா நீ ஓடணும். காலைல ஏரிக்கரைக்கு வா."

அடுத்த நாளே போனேன். அவர் ஊர்ப்பக்கமிருந்து ஓடிவர, நான் கிராமத்துப் பக்கமிருந்து ஓடிப்போக, நடுக்கரையில் ஒருவரை ஒருவர் எதிர்கொண்டோம். பிறகு ஆறு வருஷம் அப்படித்தான்.

ஓடுகிற இடத்தைப் பற்றி அக்காவுக்குத் தனிக் கணக்கே உண்டு. "நாம எங்க ஓட்றமோ அந்த எடம்தான் நம்மள ஓட்டுது" என்பார். ஏரிக்கரை மண் இறுகியும் இருக்கும், கொஞ்சம் இளகியும் கொடுக்கும். ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், மூச்சு தானாக நீளும். அங்கே அக்காவின் தோள் இறங்கி, கை தொளதொளவென்று ஆடும். எனக்கோ மதகு வரைக்கும் புருஷன்மேல் கோபம் இருக்கும், மதகைத் தாண்டினால் யார்மேலும் இருக்காது. அந்த மாற்றம் நடக்கிற இடத்தை எனக்குக் காலால் தொட்டே காட்ட முடியும். ஆரணியிலேயே சத்தம் இல்லாத இடம் இதுதான், அந்த அமைதிதான் உடம்பைச் சரிசெய்கிறது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்வேன்.

ஆற்று மணல் வேறு மாதிரி. கெண்டைக்கால் கழன்றுவிடும். ஆனால் மணலில் அக்கா சிரித்துக்கொண்டே இருப்பார். "பாதம் எவ்ளோ கத சொல்லுது பாரு" என்பார். எனக்கு எந்தக் கதையும் தெரியாது, செருப்புக்குள் மணல் புகுந்தது மட்டும்தான் தெரியும்.

மைதானத்துக்குப் போனது ஒரு மழைக்காலத்தில், கரை சேறாகியிருந்தபோது. ஒரே வட்டத்தைச் சுற்றினால் காலுக்கு வேலை இருக்கும், மனசுக்கு வேலை இருக்காது. பழைய சண்டையெல்லாம் ஒன்றொன்றாக மேலே வரும். பத்து வருஷத்துக்கு முன் என் சீர்ச் சேலையைப் பற்றி நாத்தனார் சொன்ன சொல்லுக்கு நாலாவது சுற்றில் பதில் சொல்லிக்கொண்டு ஓடுவேன். அக்காவோ எதிர்ச்சுற்றில், ஒவ்வொரு முகத்தையும் உற்றுப் பார்த்துக்கொண்டு வருவார். காலையில் நடக்க வரும் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் பொறுக்கமாட்டாமல் மறித்துவிட்டார்.

"ஏம்மா, ஊரே ஒரு பக்கம் போவுது, நீ மட்டும் எதுக்கு எதிர்ல வர? பேஜாரா கீது."

"உங்க எல்லாரு மூஞ்சியயும் பாத்துகினே ஓடலாம்னுதாங்க சார்."

வாத்தியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தார். அது வெறும் உதட்டுச் சிரிப்பு என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டும். எனக்கு அப்போது நாத்தனார் நினைப்பு.

புதிதாகத் திறந்த ஜிம்முக்கும் ஒரு மதியம் போனோம். பெண்களுக்குத் தனி நேரம், முதல் நாள் சும்மா. ட்ரெட்மில்லில் ஏறி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, அக்கா வெளுத்த முகத்தோடு இறங்கிவிட்டார். எதிரே கண்ணாடி, தலைக்கு மேலே பாட்டு, காலடியில் பெல்ட். "இது இன்னொரு தறிடி. இத்தினி நேரம் அங்க நின்னது போதாதா?" என்றார். இறங்கியவர் மிஷினின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினார். "பேரிங் போவப் போவுது, சொல்லு அந்தப் பையன்கிட்ட" என்றார். மூன்றாம் நாள் அது நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டேன். ஷெட்டிலும் அவர் அப்படித்தான். தறியின் மேல் கை வைத்தே எது மக்கர் செய்யப்போகிறது என்று சொல்லிவிடுவார். மெக்கானிக்கே அவரைக் கேட்டுத்தான் ஸ்பேனரை எடுப்பார். அக்காவுக்குக் கைராசி என்றோம். காதால் கேட்க வேண்டியதை ஒரு மனுஷி ஏன் கையால் கேட்கிறாள் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏரிக்கரையில் மதகுக்கு வந்ததும் தினமும் நிற்பார். கோரைப்புல்லைப் பார்ப்பார். என் முகத்தைப் பார்த்துக் கேட்பார்.

"பூச்சி கத்துதா?"

"எங்கக்கா? வயலுக்கு மருந்து அடிச்சி அடிச்சி சில்வண்ட எல்லாம் சாவடிச்சிட்டானுங்க. இந்த ஏரில ஒரு பூச்சி கெடையாது."

இதை நான் சும்மா சொல்லமாட்டேன். மருந்துக்கடை, விவசாய ஆபீஸ், வயல்காரர் எல்லோரையும் வரிசையாகத் திட்டிவிட்டுத்தான் ஓய்வேன். அக்கா தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். பிறகு ஓடுவோம். மறுநாளும் அதே கேள்வி, நானும் அதே திட்டு. இவருக்கு என்ன, மறதியா என்று நினைத்திருக்கிறேன்.

இனி சேத்துப்பட்டு ரோட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். எழுத உட்கார்ந்தது இதற்காகத்தான். ஆனாலும் இந்த இடத்துக்கு வந்ததும் கை ஓடவில்லை.

பொங்கலுக்குப் பெண்களுக்கான ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் வைக்கப்போவதாக நோட்டீஸ் வந்தது. இரண்டு பேர் பெயரையும் நானே கொடுத்துவிட்டேன். தார் ரோட்டில் ஓட்டம் என்றால் தார் ரோட்டில்தானே பழக வேண்டும்? மார்கழி மாதம். காலை ஆறு மணிக்கு ரோட்டுக்கு இட்டுக்கொண்டு போனேன். முதல் நாளிலிருந்தே அக்கா அங்கே வேறு ஆள். தோள் காதுவரை ஏறியிருக்கும். கழுத்து விறைத்திருக்கும். பேச்சே இருக்காது.

"ரோட்டுல ஓடினா கண்ணு வலிக்குது" என்றார்.

"காலு வலிக்கும்னு கேள்விப்பட்டிருக்கேன். கண்ணு எப்பிடிக்கா வலிக்கும்?"

அக்கா வலது ஓரத்தில், வண்டிகளுக்கு எதிரே ஓடிக்கொண்டிருந்தார். நோட்டீஸில் 'சாலையின் இடதுபுறமாக ஓடவும்' என்று அச்சடித்திருந்தது. நான் அதை மடித்துக் கையிலேயே வைத்திருந்தேன். விதி என்று ஒன்று இருந்தால் எனக்கு அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நாலு நாள் சொல்லிப் பார்த்தேன். ஐந்தாம் நாள் நடு ரோட்டில் நின்று சண்டை போட்டேன்.

"ஊருக்கு ஒரு ஞாயம், உங்களுக்கு ஒரு ஞாயமா? எடது பக்கமா ஓட்றதா இருந்தா ஓடுங்க. இல்லாட்டி நான் வரல. நாளையிலருந்து ஏரிக்கும் வரல."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "செரி, வா" என்று இடது ஓரத்துக்கு மாறினார். வண்டிகளுக்கு முதுகைக் காட்டி அவர் ஓடியது அன்று ஒரு நாள்தான். ஓடவைத்தவள் நான்.

பனி இறங்கியிருந்தது. திரும்பி ஊரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தோம். தார் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டதால் நான் முப்பதடி பின்தங்கிவிட்டேன். அக்கா முன்னால் ஒரு நிழலாகத் தெரிந்தார். அந்த இடத்தில் ரோட்டின் பாதியை அடைத்து உளுந்துக் கொடியைக் காயப்போட்டு, சுற்றிக் கல் வைத்திருந்தார்கள். வண்டிகள் ஏறி மிதித்தால் உளுந்து தானாக உதிரும் என்று எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். அக்கா கல்லைத் தவிர்க்க நடு ரோட்டுக்கு விலகினார்.

பின்னால் செய்யாறு கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ். ஹாரன் அடித்தது. நான் மண்ணில் இறங்கிவிட்டேன். மறுபடி அடித்தது. பிறகு கையை எடுக்காமல் அடித்துக்கொண்டே வந்தது. அக்கா விலகவில்லை. "அக்கா!" என்று கத்தினேன். "அக்கா, வண்டி!" அவர் தலைகூடத் திரும்பவில்லை. பஸ் என்னைத் தாண்டியபோது அடித்த காற்றில் நான் உட்கார்ந்தே விட்டேன். பிரேக் கீச்சிட்டது, டயர் உளுந்துக் கொடியில் வழுக்கி, பஸ் குறுக்காகச் சாய்ந்து நின்றது. அக்காவுக்கும் அதற்கும் நடுவே ஒரு கை நீளம் இருந்திருந்தால் அதிகம்.

டிரைவர் குதித்து இறங்கினார். "சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சிதா? காது செவுடா அந்தம்மாவுக்கு?"

"யாரப் பாத்து செவுடுங்கற?" என்று நான் எழுந்து பாய்ந்தேன். சொல்லி முடிக்கவில்லை. அக்கா எங்கே என்று பார்த்தேன்.

அவர் ஓடிக்கொண்டிருந்தார்.

அதே வேகம், அதே நடை. பின்னால் பஸ் நின்றதும், ஜன்னலுக்கு ஜன்னல் ஆட்கள் தலையை நீட்டிக் கத்தியதும், டிரைவர் திட்டியதும், நான் அலறியதும் அவரைப் போய்ச் சேரவே இல்லை. பனிக்குள் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துகொண்டிருந்தார். டிரைவர் திட்டுவதை நிறுத்திவிட்டார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. அந்த மனிதர் தலையில் கையை வைத்துக்கொண்டு பஸ் படியில் உட்கார்ந்துவிட்டார்.

என் முழங்கால் எப்படி ஒத்துழைத்தது என்று தெரியாது. துரத்திப் பிடித்து, தாண்டி, அவர் எதிரே போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் அக்கா சிரித்தார்.

"இன்னா, காலு வலி போயிடுச்சா? நல்லா வேகமா வர."

பின்னால் கையைக் காட்டினேன். திரும்பிப் பார்த்தார். பனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்கு, சாய்ந்து நிற்கும் பஸ், கீழே இறங்கி நிற்கிற ஆட்கள். ரோட்டில் கறுப்பாக இழுத்த டயர் தடம். அதைக் கண்ணால் அளந்துகொண்டே வந்து, தான் ஓடிவந்த இடத்தில் பார்வையை நிறுத்தினார். முகத்தில் ரத்தம் இல்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

நான் அவருக்குப் பின்னால் போய் நின்றேன். "அக்கா" என்று கூப்பிட்டேன். "அக்கா." மூன்றாம் முறை கத்தினேன். அந்த முதுகு அசையவில்லை. எனக்கு அழுகை பீறிட்டுக்கொண்டு வந்தது. அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

"எத்தினி வருசமா?" முன்னால் வந்து கேட்டேன்.

"எப்ப ஆரம்பிச்சிதுன்னே தெரியல. மெல்ல மெல்லப் போச்சி. மொதல்ல போன்ல பேசறது போச்சி. அப்பறம் முதுகுக்குப் பின்னால யாராச்சும் பேசினா போச்சி. ஷெட்டுக்குள்ள வந்தா மட்டும் நிம்மதி. அங்க யாருக்குமே கேக்காதே. அங்க நான் உங்கள மாதிரிதான்."

"என்கிட்டகூட ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா ஓனருக்குப் போவும். தறி பக்கத்துல செவுட்ட எவன் நிக்க வுடுவான்? பெங்களூர்ல போயி மருமவ வாயப் பாத்துகினு உக்காரணும்." கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். "ஏரிக்கரைல நீ பூச்சி இல்லன்னு சொல்லுவ பாரு, அது ஒன்னுதான் ஆறுதலு. என் காது மட்டும் போவல, ஏரிக்கே சத்தம் போயிடுச்சின்னு நெனச்சிக்குவேன்."

எல்லாம் அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்து என்னை அடித்தது. மைதானத்தில் எதிர்ச்சுற்று, ரோட்டில் வலது ஓரம், வலிக்கிற கண், ஏரிக்கரையில் பின்பக்க ஓட்டம். என் பேச்சின் ருசிக்காக அவர் திரும்பி ஓடுகிறார் என்று பெருமைப்பட்டேனே, அவர் என் உதட்டைப் படித்துக்கொண்டு ஓடியிருக்கிறார். ஓடும்போதுகூட ஒரு நிமிஷம் சும்மா இருக்கவிடாமல் படிக்கவைத்திருக்கிறேன். பதினோரு வருஷம் பக்கத்திலேயே நின்றும் தெரியவில்லை. எங்கள் ஷெட்டில் எல்லோருமே செவிடர்போலப் பேசிப் பழகியதால், உண்மையாகவே கேட்காமல் போன ஒருத்தி எங்களுக்குள் சுலபமாக மறைந்துகொண்டாள்.

பொங்கல் ஓட்டத்துக்கு நாங்கள் போகவில்லை. சண்டை போட்டு, கெஞ்சி, வேலூருக்கு ஒரு காது டாக்டரிடம் இட்டுப்போனேன். கண்ணாடி வைத்த சின்ன அறையில் அக்காவை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். வெளியே ஒரு பெண் மிஷினைத் திருகிக்கொண்டே இருந்தாள். உள்ளே அக்கா கவனமாக, பரீட்சை எழுதுகிற பிள்ளைபோலக் காத்திருந்தார். நெடுநேரம் கை மடியிலேயே கிடந்தது. என்னால் பார்க்க முடியவில்லை.

முடிந்ததும் அந்தப் பெண் என்னிடம், "நீங்களும் அதே ஷெட்டுதானே? ஒரு தடவ டெஸ்ட் பண்ணிக்கிறீங்களா?" என்றாள்.

"எனக்கென்னம்மா? நல்லாத்தான் கேக்குது" என்றேன். கொஞ்சம் கோபமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அவள் காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக முகத்தைச் சுளித்தாள்.

காது மெஷின் வீட்டில் உதவியது, ஷெட்டில் உதவவில்லை. தறிச் சத்தத்தை அது பெரிதாக்கித் தலைக்குள் கொட்டியது. இரண்டு நாளில் கழற்றிவிட்டார். மூன்றாம் நாள் சாப்பாட்டு நேரத்தில், தறியெல்லாம் நின்றிருந்தபோது, எல்லோருக்கும் நடுவில் எழுந்து நின்றார். நான் எதிர்பார்க்கவே இல்லை.

"எனக்குக் காது போயிடுச்சி. இனிமே மறைக்க முடியாது. உங்கள்ல யார் யாருக்கு நல்லாக் கேக்குது, சொல்லுங்க."

எல்லோரும் சேர்ந்து, "எனக்குக் கேக்குது, எனக்குக் கேக்குது" என்றோம். தெருவில் போனவர் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்திச் சொன்னோம். அக்கா ஒவ்வொரு வாயாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். அந்த மாசக் கடைசியில் வேலையை விட்டு, வந்தவாசியில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். பெங்களூருக்குப் போகவில்லை. தையல் மிஷின் போட்டிருப்பதாகவும், காலையில் வயல் வரப்பில் ஓடுவதாகவும் செய்தி வந்தது. வரப்பில் எந்த வண்டியும் பின்னால் வராது.

அவர் போய் நாலு வருஷம் ஆகிறது. நான் இன்னமும் ஷெட்டில்தான். ரோட்டுப் பக்கம் ஓடப் போவதில்லை, ஏரிக்கரைதான். தனியாக ஓடினால் மதகைத் தாண்டியும் கோபம் போகமாட்டேன் என்கிறது. போன ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு விடியற்காலையில், லீவுக்கு வந்திருந்த என் மகளை எழுப்பி இழுத்துக்கொண்டு போனேன். நர்சிங் படிக்கிறாள். ஷெட்டை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி.

மதகுக்கு வந்ததும் பழக்கத்தில் நின்றேன். கோரை நனைந்திருந்தது. எவ்வளவு அமைதி என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "பாத்தியாடி? இந்த எடத்துல வந்து நின்னாலே மனசு கழுவினாப்ல ஆயிடும். ஒரு சத்தம் கெடையாது" என்றேன்.

மகள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"இன்னாடி?"

"இன்னாவா? எம்மா, இந்தப் பூச்சிங்க சத்தம் காதக் கிழிக்குது. எப்பிடிம்மா தெனம் இங்க ஓட்ற?"

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அவள் கோரையைக் காட்டினாள். வரப்பைக் காட்டினாள். மதகுக் கல்லிடுக்கைக் காட்டினாள். "எல்லா எடத்துலயும் கத்துதும்மா. சில்வண்டு. கரையிலருந்தே கத்திகினுதான் இருக்குது." நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். குனிந்து கோரைக்குள் தலையை விட்டுக் கேட்டேன். என் தலைக்குள் இரைகிற ஷெட்டுச் சத்தம் மட்டும் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த அந்த அமைதி ஏரியினுடையது இல்லை. செய்யாத குற்றத்துக்கு எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்! மகள் என்னைப் பிடித்து மதகுக் கல்லில் உட்காரவைத்தாள். அவள் முகம் மாறியிருந்தது. படிக்கிற படிப்பு அவளுக்குப் பாதி சொல்லியிருக்கும்.

"அக்காவுக்குப் போன் போடு" என்றேன். "மூஞ்சி தெரியற மாதிரி."

வந்தவாசியில் அவர் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். தலை நன்றாக நரைத்திருந்தது. மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்ததும் அதே சிரிப்பு. நான் போனுக்கு நேராக வாயை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன்.

"பூச்சி கத்துதாம்கா. ஏரில பூச்சி இருக்குதாம். எல்லா எடத்துலயும் கத்துதாம்."

அக்கா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு மெல்ல நின்றது.

"யாரு சொன்னா?"

"என் பொண்ணு."

அவர் பின்னால் சூரியன் ஏறிக்கொண்டிருந்தது. உனக்குக் கேட்கவில்லையா என்று கேட்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் கேட்கவே இல்லை. ஷெட்டில் பேசுவதுபோல, குரலை விட்டுவிட்டு வெறும் உதட்டை மட்டும் அசைத்தார். மகள், "இன்னாம்மா சொல்றாங்க? ஒன்னுமே கேக்கல" என்றாள். எனக்கு ஒரு சொல் தவறாமல் புரிந்தது.

"இனிமே நீயும் யாருக்கும் முதுகக் காட்டி ஓடாத."